குழந்தைக்கு நிறம் சொல்லிக்கொடுக்க ஒரு தையல்காரியின் வழி

என் மகனுக்கு இரண்டரை வயது நடந்தபோது உலகத்தில் எல்லாமே நீலம். சிவப்பு நூல்கண்டைக் காட்டி "இது என்ன நிறம்?" என்று கேட்டால் "நீலம்" என்பான். மஞ்சளைக் காட்டினாலும் நீலம், பச்சையைக் காட்டினாலும் நீலம். தயங்கித் தயங்கிச் சொன்னாலாவது பரவாயில்லை. பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி உரக்கச் சொல்வான். நானோ தையல்காரி. நாள் முழுக்க நிறங்களோடு புழங்குகிறவள். துணிக்கும் நூலுக்கும் இம்மியளவு ஒவ்வாமல் போனாலும் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கிறவள். என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு நிறம் தெரியவில்லை என்றால் எப்படி இருக்கும்? கண்ணில் கோளாறு என்று நானே முடிவுகட்டி, அவனைத் தூக்கிக்கொண்டு கண் மருத்துவரிடம் ஓடினேன்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து வண்ணப் பென்சில்களை அள்ளி மேசைமேல் பரப்பினார். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்து இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையை வெறுமனே நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் மகன் அந்தக் கையைப் பார்த்தான், இந்தப் பென்சிலைப் பார்த்தான், அதன் ஜோடியைத் தேடி எடுத்து நீட்டிய கையில் வைத்தான். ஆறு முறை நடந்தது; ஆறு முறையும் சரி. "கண் நன்றாக இருக்கிறது அம்மா. சொல்தான் இன்னும் வந்து சேரவில்லை. கொஞ்ச நாளைக்குக் கேள்வி கேட்காமல் இருங்கள்" என்றார் மருத்துவர்.

கேள்வி கேட்காமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு அன்று விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மகனிடம் செய்த தவறில் பாதியை மகளிடம் திருத்திக்கொண்டேன். மகள் வளர்ந்து மழலையர் வகுப்பு ஆசிரியையானாள். அவள் படித்ததை எனக்கு வாசித்துச் சொல்ல, மீதிப் பாதி பேத்தியிடம் சரியாயிற்று. பேத்தி அந்த நீலப் பையனின் மகள். அவளோடு செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மகள் வாசித்துக் காட்டியதில் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது சார்லஸ் டார்வின் சங்கதி. அவருடைய பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர், சாதாரணப் பொருள்களின் பெயர்களையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும், படத்தில் இருக்கும் நிறங்களுக்குப் பெயர் சொல்லத் திணறினார்களாம். அவரும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறார். பிள்ளைகளுக்கு நிறக்குருடு என்றே சொல்லிவிட்டு, பிறகு அது வீண் பயம் என்று தெரிந்துகொண்டதாக 1877இல் எழுதியிருக்கிறார். அவரே பயந்தார் என்றால் நான் பயந்ததில் குற்றமில்லை.

குழந்தைக்கு நிறம் தெரியாமல் இல்லை. பிறந்து நான்கு மாதம் ஆவதற்குள் சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் மஞ்சளையும் வேறு வேறாகப் பார்க்கும் கண் வந்துவிடுகிறது. இல்லாதது சொல் எதைக் குறிக்கிறது என்ற தெளிவு. 'கரண்டி' என்று சொல்லிக் கரண்டியைக் கையில் கொடுத்துவிடலாம். 'சிவப்பு' என்று சொல்லி எதைக் கையில் கொடுப்பீர்கள்? சிவப்புக் கரண்டியைக் கொடுத்தால் குழந்தை கரண்டியைத்தான் வாங்கிக்கொள்கிறது. சிவப்பைத் தனியாக உரித்துக் கொடுக்க வழியில்லை. போதாததற்கு என் நூல் பெட்டியில் சிவப்பு என்ற பேரில் பதினோரு கண்டுகள் இருக்கின்றன. ஒன்றுபோல் ஒன்று இல்லை. எங்கே சிவப்பு முடிந்து ஆரஞ்சு தொடங்குகிறது என்பது கண்ணில் இல்லை, பேசுகிறவர்களின் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்குள் குழந்தை வந்து சேர நாளாகும்.

என் மகன் எல்லாவற்றையும் நீலம் என்றதுகூட, இப்போது யோசித்தால், பாதிக் கிணறு தாண்டியதுதான். நிறம் என்ன என்று கேட்டால் 'பூனை' என்று சொல்லாமல் ஒரு நிறத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அவனுக்குப் பிடிபட்டிருந்தது. எந்தப் பெயர் எந்த நிறத்துக்கு என்பதுதான் பாக்கி. பெரும்பாலான குழந்தைகள் இந்த வரிசையில்தான் வருகிறார்கள்.

எப்போது தொடங்கலாம்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வளர்ச்சிப் பட்டியலில், 30 மாதத்தில் ஒரு நிறத்தையாவது கேட்டால் சுட்டிக்காட்டுவது என்றும், 4 வயதில் சில நிறங்களின் பெயர் சொல்வது என்றும் இருக்கிறது. ஒரு நிறம், சுட்டிக்காட்டினால் போதும் என்பதைக் கவனியுங்கள். பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே 1908இல் வெளியிட்ட அறிவுத்திறன் அளவுகோலில் நான்கு நிறங்களின் பெயர் சொல்வதை 8 வயதுப் பிள்ளைகளுக்கான சோதனையாக வைத்திருந்தார். 1916இல் அமெரிக்காவில் டெர்மன் என்ற உளவியலாளர் அதைத் திருத்தியபோது 5 வயதுக்கு இறக்கினார். இன்றைக்கு இரண்டு வயதிலேயே பத்து நிறம் சொல்லவில்லை என்று பெற்றோர் கையைப் பிசைகிறார்கள். நான் பேத்தியோடு தொடங்கியது அவளுக்கு இரண்டு வயது நான்கு மாதத்தில். அதற்கு முன்னால் தொடங்கினாலும் தப்பில்லை, ஆனால் பலனை எதிர்பார்க்காதீர்கள்.

ஆறு துணிப் பொதிகள்

பந்து சிவப்பு, குவளை நீலம், தொப்பி மஞ்சள் என்று மூன்று பொருள்களை வைத்து நிறம் கற்பிக்க முடியாது. குழந்தை பந்து, குவளை, தொப்பி என்றுதான் பார்க்கும். வடிவம், அளவு, கனம், தொடுகை எல்லாம் ஒன்றாக இருந்து நிறம் மட்டும் மாறவேண்டும். அப்போதுதான் 'இவை இரண்டும் எதில் வேறு?' என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடை இருக்கும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் நிறப் பலகைகளும் இந்தக் கணக்கில் செய்தவைதான். முதல் பெட்டியில் ஆறே பலகைகள்: சிவப்பு, மஞ்சள், நீலம், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி.

பலகை வாங்க வேண்டியதில்லை. நான் பொதிகள் தைத்தேன். கெட்டியான பருத்தித் துணி, பூவோ கோடோ இல்லாத ஒற்றை நிறத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊறவைத்து அலசி, வெள்ளைத் துணியை ஈரத்தோடு வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். குழந்தை இதை எப்படியும் வாயில் வைக்கும். சிவப்புத்தான் பெரும்பாலும் ஏமாற்றும். ஐந்து அங்குலச் சதுரமாக ஒரு பொதிக்கு இரண்டு துண்டு வெட்டி, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி வைத்து, சுற்றிலும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறப்பு விட்டுத் திருப்பி, வெட்டில் மிஞ்சிய துணியை அடைத்து, கையால் மூடித் தைத்துவிட்டால் நான்கு அங்குலப் பொதி தயார். திறப்பை மூடும் தையலை மட்டும் இரட்டை நூலில் போடுங்கள். பிள்ளைகள் அந்த இடத்தைத்தான் கண்டுபிடித்து நோண்டுவார்கள்.

தைக்கத் தெரியாதவர்கள் ஒரே அளவுக் காலுறைகள், ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் குவளைகள், ஒரே அளவில் வெட்டிய கெட்டி அட்டைகள் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பட்டன் மட்டும் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், என்னிடமும் டப்பா நிறைய இருக்கிறது, ஆனால் 3 வயதுக்குக் கீழே அது தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும் சாமான். பொம்மைகளைச் சோதிக்க ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக இறங்கிவிடும் எந்தப் பொருளும் அந்த வயதுக் குழந்தையின் கைக்குப் போகக் கூடாது. நூல்கண்டும் கூடாது, நூல் பிரிந்து விரலில் இறுகிக்கொள்ளும்.

எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்பதில் கறாராக இருங்கள். மெரூன் வேண்டாம், வான நீலம் வேண்டாம். யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சிவப்பு என்று சொல்லும் சிவப்பாக இருக்க வேண்டும். பச்சையை முதல் சுற்றில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. நீலத்துக்கு அருகில் பச்சையை வைத்தால் குழந்தை குழம்பும், பார்க்கிற நாமும் குழம்புவோம்.

முதல் வாரம் பேச்சே இல்லை

கண் மருத்துவர் செய்ததைத்தான் செய்தேன். மூன்று பொதிகளைத் தரையில் வரிசையாக வைத்தேன். ஜோடிகளை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்றை எடுத்து, அதன் ஜோடியின் மேல் வைத்து, அடுத்ததை அவள் கையில் கொடுத்தேன். முதல் நாள் அவள் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டினாள். சரி என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் பொதியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். நான்காம் நாள் மஞ்சளைக் கையில் பிடித்தபடி நீலத்தின் மேல் கொண்டுபோனவள் அங்கேயே நிறுத்தினாள். கை அந்தரத்தில் நிற்கிறது, கண் பக்கத்துப் பொதிக்குப் போகிறது, கை பின்னாலேயே போகிறது. மஞ்சளை மஞ்சளின் மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டினாள். அந்த ஒரு நொடி நிற்கிறது பாருங்கள், அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும். 'நிறம்' என்ற ஒன்று இருக்கிறது என்று குழந்தை கவனித்த நொடி அது.

இது வராமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். வந்துவிட்டால் நாள் கணக்கில் இழுக்கவும் வேண்டாம். ஒரு முறை உட்கார்ந்தால் ஐந்து நிமிடம். குழந்தை எழுந்து போனால் அன்றைய பாடம் முடிந்தது. "வா, இன்னும் ஒன்று" என்று இழுத்து உட்காரவைத்தால் அடுத்த நாள் பெட்டியைக் கண்டாலே ஓடும்.

'பந்து சிவப்பு'

எனக்கு முப்பது ஆண்டு தெரியாமல் இருந்த விஷயம் இது. 2010இல் மைக்கேல் ராம்ஸ்கர் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 2 வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்கு 'சிவப்புப் பந்து' என்கிற வரிசையில் நிறப்பெயரைச் சொல்லிப் பழக்கினார்கள். இன்னொரு குழுவுக்குப் 'பந்து சிவப்பு' என்கிற வரிசையில் பழக்கினார்கள். அவர்கள் பேசியது ஆங்கிலம், ஆனால் வரிசை இதுதான். பொருளை முதலிலும் நிறத்தைப் பின்னாலும் கேட்ட குழந்தைகள்தான் நிறங்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

யோசித்தால் இது நியாயமாகவே இருக்கிறது. 'சிவப்பு' என்று தொடங்கினால் குழந்தையின் கண் இன்னும் எதிலும் நிலைகொள்ளவில்லை. சொல் காற்றில் போய்விடுகிறது. அதற்குப் பிறகு 'பந்து' வந்ததும் பந்தைப் பிடித்துக்கொள்கிறது, முன்னால் வந்தது என்னவோ என்று விட்டுவிடுகிறது. 'பந்து' என்று முதலில் சொன்னால் கண் பந்தில் போய் நிற்கிறது. பந்து என்பது ஏற்கெனவே தெரிந்த சேதி. பிறகு வரும் 'சிவப்பு', பந்தைப் பற்றிய புதுச் சேதியாகப் போய் ஒட்டுகிறது.

தமிழில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. அதை என் பேத்தியிடம் பேசும்போது நானாகக் கவனித்தேன். நிறத்தை முன்னால் வைத்தால் சொல்லே உருமாறுகிறது. நீலம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, நீலப் பந்து, நீலச் சட்டை, நீலத் துணி என்கிறோம். 'ம்' உதிர்ந்து, பின்னால் வேறு வேறு ஒற்று வந்து ஒட்டிக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அது உறைப்பதில்லை. முதன்முதலாகக் கேட்கிற காதுக்கு நீலப், நீலச், நீலத் என்று மூன்று சொல். போதாக்குறைக்குச் 'சிவந்துபோய்விட்டது', 'சிவக்கச் சிவக்க' என்று வேறு பேசுகிறோம். நிறத்தைக் கடைசியில் வைத்தால் சொல் முழுசாக, எப்போதும் ஒரே ஓசையில் வந்து விழுகிறது. பந்து நீலம். சட்டை நீலம். துணி நீலம்.

ஆகவே வீட்டில் எல்லாரும் இப்படியே பேசப் பழகிக்கொள்ளுங்கள். "உன் காலுறை எங்கே? ஆ, இதோ காலுறை. காலுறை மஞ்சள்." இடையில் ஒரு மூச்சு விடும் நேரம் கொடுங்கள், கண் போய்ச் சேரட்டும். கூடவே 'இல்லை'யையும் சொல்லுங்கள். "இந்தப் பொதி சிவப்பு. இந்தப் பொதி சிவப்பு. இந்தப் பொதி சிவப்பு இல்லை." சிவப்பு எது என்று காட்டினால் மட்டும் போதாது, எது வரைக்கும் சிவப்பு என்றும் தெரிய வேண்டும். என் பேத்தி சில வாரம் ஆரஞ்சையும் ரோஜா நிறத்தையும்கூடச் சிவப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் தப்பில்லை, அவளுடைய சிவப்பு கொஞ்சம் அகலம். வேலி பிறகு குறுகும். சிவப்பை நீலம் என்று சொல்வதும் ஆரஞ்சைச் சிவப்பு என்று சொல்வதும் ஒரே தவறில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேட்கும் முறை

எத்வார் செகேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் வகுத்து, மாண்டிசோரி எடுத்துக்கொண்ட மூன்று படிகளை இன்றும் மழலையர் வகுப்புகளில் பயன்படுத்துகிறார்கள். முதல் படியில் "இது சிவப்பு", "இது நீலம்" என்று நாம் சொல்கிறோம், குழந்தை கேட்கிறது. இரண்டாம் படியில் "சிவப்பு எது?" என்று கேட்கிறோம், குழந்தை காட்டுகிறது. மூன்றாம் படியில்தான் "இது என்ன நிறம்?" என்று கேட்கிறோம்.

நான் மகனிடம் நேரே மூன்றாம் படியில் போய் நின்றேன். வீட்டுக்கு வருகிற உறவினர்கள் இன்றைக்கும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். சட்டையைப் பிடித்து இழுத்து "இது என்ன கலர், சொல்லு" என்று கேட்பார்கள். இரண்டாம் படியில்தான் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று என் மகள் அடித்துச் சொல்கிறாள். அதை நூறு விதமாக விளையாடலாம். "சிவப்பைத் தலையில் வை." "நீலத்தை ஒளித்து வை." "மஞ்சளைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு வா." கொடுத்துவிட்டு வருவதற்குள் அது எது என்று குழந்தை நினைவில் வைத்திருக்க வேண்டும், ஐந்தாறு அடி நடப்பதே நல்ல பயிற்சி. குழந்தை மாற்றி எடுத்தால் "தப்பு" என்று சொல்லாதீர்கள். "அது நீலம். சிவப்பு இதோ" என்று முதல் படிக்கு இறங்கி, காட்டிவிட்டு, தொடருங்கள்.

இரண்டு நிறத்தோடு தொடங்குங்கள். மூன்றாவதை, முதல் இரண்டும் நான்கைந்து நாள் பிசகாமல் வந்த பிறகு சேருங்கள். அடுத்து பச்சை. பிறகு கறுப்பு, வெள்ளை. அதற்கப்புறம் வரிசை முக்கியமில்லை, குழந்தைக்கு எதில் ஆசையோ அது.

மூன்றாம் படிக்கு எப்போது போவது என்று நாம் முடிவுசெய்யத் தேவையில்லை. என் பேத்தி ஒரு மத்தியானம் தையல் இயந்திரத்துக்குக் கீழே உட்கார்ந்து துண்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், யாரும் கேட்காமல், "துணி மஞ்சள், பாட்டி" என்றாள். அதன் பிறகுதான் நான் அவளிடம் முதல் முறையாக நிறத்தின் பெயரைக் கேட்டேன்.

தமிழ் வைக்கும் பொறிகள்

பச்சை என்பது நிறம் மட்டுமில்லை. பச்சைத் தண்ணீர் என்கிறோம், பச்சைக் குழந்தை என்கிறோம், பச்சைப் பொய் என்கிறோம். ஒன்றிலும் பச்சை நிறம் இல்லை. என் மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது பச்சைத் தண்ணீர் கேட்டு, டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அழுதாள். பச்சை கற்றுக்கொடுக்கும் நாள்களில் "குளிர்ந்த தண்ணீர்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், என்ன குறைந்துவிடும்? மஞ்சள் என்பதும் ஒரு பொருளின் பெயராக இருக்கிறது. ஆளின் தோலைப் பார்த்து 'சிவப்பு', 'கறுப்பு' என்று பேசும் வழக்கம் வேறு இருக்கிறது. அந்தச் சிவப்பு சிவப்பும் இல்லை, அந்தக் கறுப்பு கறுப்பும் இல்லை. குழந்தையின் காதில் அது விழாமல் இருப்பது நிறப் பாடத்துக்கும் நல்லது, பொதுவாகவும் நல்லது.

ஊதா பெரிய தலைவலி. சிலருக்கு ஊதா என்றால் கத்தரிப்பூ நிறம், சிலர் நீலத்தையே ஊதா என்கிறார்கள். இரண்டு பேரும் மற்றவர் சொல்வது தப்பு என்று அடம்பிடிப்பார்கள். வீட்டில் ஒருநாள் உட்கார்ந்து எதை ஊதா என்பது, ரோஸ் என்பதா பிங்க் என்பதா இளஞ்சிவப்பு என்பதா என்று பேசி முடித்துவிடுங்கள். எது என்பது முக்கியமில்லை, வீட்டுக்கு ஒன்று இருந்தால் போதும்.

அதைவிடப் பெரியது இரட்டை மொழி. நான் 'சிவப்பு' என்பேன், என் மகன் 'ரெட்' என்பான். சிவப்பு என்று நான் காட்டியது துணிப் பொதிகள். ரெட் என்று அவன் காட்டியது எப்போதும் அவளுடைய பொம்மைக் கார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பேத்தி சிவப்பு என்றால் பொதியின் நிறம் என்றும், ரெட் என்றால் கார் என்றும் முடிவுசெய்து வைத்திருக்கிறாள். நீலக் காரைக் காட்டி "இன்னொரு ரெட்" என்றாள். இரண்டு மொழி கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டையும் தாங்குவார்கள். ஒரு சொல் ஒரே பொருளோடு ஒட்டிக்கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். அவன் அன்றைக்கே பொதிகளையும் ரெட் என்று சொல்லத் தொடங்கினான், நான் காரைச் சிவப்பு என்றேன், பத்து நாளில் சரியாயிற்று.

வாசல் வெளிச்சம்

நூல் பொருத்தம் பார்க்க வேண்டும் என்றால் எந்தத் தையல்காரரும் துணியையும் கண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். விளக்கடியில் ஒன்றாகத் தெரிந்த இரண்டும் பகல் வெளிச்சத்தில் பல்லை இளிக்கும். மஞ்சள் ஒளி விளக்கின் கீழ் வெள்ளையும் வெளிர்மஞ்சளும் ஒன்றுபோல இருக்கும், கருநீலமும் கறுப்பும் ஒன்றேதான். அந்தி நேரத்தில் சிவப்பு மங்கிக் கறுத்துப்போகும், நீலம் தூக்கலாகத் தெரியும். செக் நாட்டு அறிவியலாளர் புர்க்கின்யே கவனித்துச் சொன்னது இது. ஆகவே பொதிப் பெட்டியைப் பகலில், ஜன்னலோரம் திறங்கள். சாயங்காலம் குழந்தை தப்பாகச் சொன்னால் குழந்தையைக் குறை சொல்வதற்கு முன்னால் விளக்கைப் பாருங்கள்.

மற்றபடி தனியாகப் பாடம் என்று உட்காருவது வாரத்தில் மூன்று நாள் போதும். மீதி வேலையைத் துணி மடிப்பது பார்த்துக்கொள்ளும். உலர்ந்த துணிக் குவியலில் காலுறை ஜோடி சேர்ப்பதைப்போல் ஒரு நிறப் பாடம் எனக்குத் தெரியாது. காலையில் உடுத்தும்போது இரண்டு சட்டையைக் காட்டி "இந்தச் சட்டை நீலம், இந்தச் சட்டை பச்சை, எது வேண்டும்?" என்று கேளுங்கள். நிறத்தின் பெயரைச் சொன்னால் விரும்பியது கிடைக்கும் என்றால் பிள்ளைகள் சொல்லாமல் விடமாட்டார்கள்.

கண்ணில்தான் கோளாறு என்றால்

நான் தொழில் கற்றுக்கொண்ட மாஸ்டருக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று ஆண்டு அவரோடு வேலை செய்தும் எனக்கு அது தெரியாது. நூல்கண்டு ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்தே எடுப்பார், ஒருநாளும் மாறியதில்லை. ஒரு மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் இறங்கி எண் சீட்டுகள் உரிந்துவிட்டன. அன்றைக்கு இரண்டு கண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "இதில் பச்சை எது அம்மா?" என்று கேட்டார். அவருக்குச் சிறு வயதில் பள்ளியில் இதற்காக அடி விழுந்திருக்கிறது.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் இந்தக் குறை இருக்கிறது. மற்ற மக்களிடம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது. தாயின் அப்பாவுக்கோ தாயின் சகோதரனுக்கோ இருந்தால் பையனைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

எப்படிப் பிரித்தறிவது? பெயரைத் தப்பாகச் சொல்வதை வைத்து முடிவுகட்டாதீர்கள், நான் ஏமாந்தது அங்கேதான். பேச்சில்லாத ஜோடி விளையாட்டுக்குத் திரும்புங்கள். பச்சை, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு ஆகியவற்றில் பொதிகளைச் சேர்த்து, பகல் வெளிச்சத்தில், வெவ்வேறு நாள்களில் பாருங்கள். குழந்தை விளையாட்டைப் புரிந்துகொண்டும், நீலத்தையும் மஞ்சளையும் சரியாக வைத்தும், இவற்றை மட்டும் விடாமல் மாற்றிப் போட்டால் கண் மருத்துவரிடம் போங்கள். ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளிப் படங்களில் எண்கள் ஒளிந்திருக்கும்; எண் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு விரலால் கோட்டைத் தொடர்ந்து போகும் படங்களும் உண்டு. குறை இருக்கிறது என்று தெரிந்தால் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வண்ணப் பென்சிலில் பெயர் எழுதிய சீட்டு ஒட்டினால் போதும், பிள்ளை அடி வாங்காமல் படித்துவிடும்.

எண்ணிக்கையை எங்கே நிறுத்துவது என்று சிலர் கேட்கிறார்கள். 1969இல் பெர்லின், கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல மொழிகளை ஒப்பிட்டு, அடிப்படை நிறப்பெயர்கள் அதிகபட்சம் 11 என்று ஒரு பட்டியல் போட்டார்கள்: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், பழுப்பு, ஊதா, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, சாம்பல். மாண்டிசோரியின் இரண்டாம் பெட்டியிலும் 11 ஜோடிகள்தான். இவை வந்துவிட்டால் பெயர்ப் பாடம் முடிந்தது. பிறகு ஒரே நிறத்தின் ஏற்ற இறக்கத்துக்குப் போகலாம். மூன்றாம் பெட்டியில் 9 நிறங்கள், ஒவ்வொன்றிலும் 7 சாயல்.

பேத்திக்கு இப்போது நான்கு வயது முடிந்துவிட்டது, நூல்கண்டைத் தொட அனுமதி உண்டு, நான் பக்கத்தில் இருந்தால். போன வாரம் ஏழு நீலக் கண்டுகளைக் கொடுத்து, அடர்த்தியிலிருந்து வெளிர் வரைக்கும் அடுக்கச் சொன்னேன். வெகு நேரம் எடுத்துக்கொண்டாள். நான்காவதும் ஐந்தாவதும் இடம் மாறியிருப்பதாக எனக்குப் பட்டது, சொன்னேன். "இல்லை பாட்டி" என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பின்னாலேயே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அவள் வைத்ததுதான் சரி.